குணாவின் சட்டையில் என் ரத்தம்

ஆம், நான்தான் செய்தேன்.

என் ரத்தத்தை இன்னொருவன் பெயரில் கொடுத்தேன். அவன் பெயரில் கையெழுத்தும் போட்டேன். அந்தக் காகிதத்தை நம்பி அவனைத் தென் துருவத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். பனிக்கு நடுவிலிருந்து ஒருநாள் அவன், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று என்னைக் கேட்டான். வேண்டாம் என்றேன்.

முதல் தவறை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். உங்களில் சிலர் சிரிக்கவும் கூடும். இரண்டாவதைக் கேட்ட பிறகு என்ன செய்வீர்கள்... அது எனக்குத் தெரியாது. மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில்தான் என்னால் சொல்ல முடியும்.

குணசேகரன் என் தங்கை சாந்தியின் கணவன். அதற்கு முன்பே என் நண்பன். மர்பி டவுனில் இரண்டு சந்து தள்ளித்தான் அவன் வீடு. நாங்கள் இருவரும் பொம்மசந்திராவில் ஜெனரேட்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்குகள். நான் நிரந்தரம், அவன் டெம்பரவரி. ஆனால் கை என்னவோ அவனுடையதுதான் உயர்ந்தது. ஓடுகிற எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவான்.

எங்கள் தொழிற்சாலையில் வாசலில் ஒரு கடிகாரம் இருந்தது. அட்டையைச் செருகினால் நேரத்தை அடித்துத் தரும். ஓசூர் ரோட்டில் பஸ் சிக்கிக்கொண்டால் யாராயிருந்தாலும் நேரத்துக்கு வர முடியாது. அதனால் முன்னால் வந்தவன் பின்னால் வருபவனின் அட்டையையும் சேர்த்து அடித்துவிடுவான். அவன் எனக்கு அடிப்பான், நான் அவனுக்கு அடிப்பேன். அதைத் தவறு என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை. ஒருவன் இல்லாத இடத்தில் இன்னொருவன் நின்றால் அதற்குப் பெயர் நட்பு என்றுதான் நினைத்தோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், தென் துருவத்து ஆய்வு நிலையத்துக்கு எங்கள் தொழிற்சாலையின் ஜெனரேட்டர்கள் போயிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். டிசம்பரில் கோவாவில் கப்பல் ஏறினால் மறு வருடம் தாண்டித்தான் திரும்ப முடியும். நடுவில் கடல் உறைந்துவிடும். அதன் பிறகு யார் நினைத்தாலும் அங்கே போகவும் முடியாது, அங்கிருந்து வரவும் முடியாது.

மேனேஜர் முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை சார் என்றேன். பொய்! அம்மா அன்று காலையில்தான் குழாயடியில் இரண்டு பேரைச் சண்டையில் ஜெயித்துவிட்டு வந்திருந்தாள். எனக்குப் பயம்... அவ்வளவுதான். வெளியேறும் வழியே இல்லாத ஓர் இடத்தை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. "என் மச்சான் போவான் சார், என்னைவிட நல்ல கை" என்று அதே மூச்சில் சொன்னேன்.

குணாவுக்குத் தலைகால் புரியவில்லை. போய்விட்டு வந்தால் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். ஏழு வருடமாக டெம்பரவரியாகவே இருந்த மனிதன் அவன். சாந்தி சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரே ஒரு இடைஞ்சல். குணாவுக்குச் சர்க்கரை இருந்தது.

அதற்கு முந்தைய வருடம் காலில் ஒரு புண் ஆறாமல் இழுத்தபோது அல்சூரில் ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சாந்தியிடம்கூட அவன் சொல்லவில்லை. துருவத்துக்குப் போகிறவனுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. சர்க்கரை என்று தெரிந்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

கேண்டீனில் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோற்றைத் தொடவில்லை.

"விடு மச்சான்" என்றேன். "நான் போய் ரத்தம் குடுத்துட்டு வர்றேன். இன்னா பெரிய விசயம்? கார்டு பஞ்ச் பண்ற மாதிரிதானே?"

அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தனை நன்றி! போகவேண்டியவன் நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

நகரத்துக்குள் ஒரு பரிசோதனைக் கூடம். காலையில் வெறும் வயிற்றோடு போனேன். குணா எதிரே பேக்கரி வாசலில் நின்றான். அந்தக் காலத்தில் போட்டோ அடையாள அட்டை எல்லாம் யார் கேட்டார்கள்? தொழிற்சாலைக் கடிதத்தை நீட்டினேன். பெயர் என்ன என்றார்கள். குணசேகரன் என்றேன். ஊசி குத்தினார்கள். அவன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்தேன். காரா பன்னும் டீயும் வாங்கி வைத்திருந்தான். "ரத்தம் போன உடம்பு மச்சான், சாப்புடு" என்று இரண்டாவது பன்னையும் திணித்தான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

சர்க்கரையை மட்டும்தான் நினைத்தோம். அந்தக் குப்பியில் சர்க்கரை தவிர வேறு என்னென்ன எழுதியிருக்கும் என்று இரண்டு மெக்கானிக்குகளில் ஒருவனுக்கும் தோன்றவில்லை!

பிறகு குணாவை இமயமலைப் பக்கம் கூட்டிப்போய்ப் பனியில் நடக்கப் பழக்கினார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். மறுபடி ரத்தம் எடுப்பார்களோ என்று நான் இங்கே தூங்காமல் கிடந்தேன். எடுக்கவில்லை. சர்க்கரை மாத்திரைகளைப் பருப்புப்பொடி டப்பாவின் அடியில் வைத்து, மேலே பொடியைக் கொட்டி அமுக்கி மூடினேன். டிசம்பரில் கப்பல் போனது.

ஏப்ரலில் அந்தக் கப்பல் திரும்பி வந்தபோது தபால் கொண்டுவந்தது. குணாவை அங்கேயே இறக்கிவிட்டு வந்த கப்பல் அது. கடிதத்தோடு ஒரு போட்டோ. வெள்ளைவெளேரென்ற பரப்பில் இரண்டு பேர் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். ஒருவன் குணா. இன்னொருவன் ஹரீஷ் என்று கடிதத்தில் எழுதியிருந்தான். மலைநாட்டுக்காரனாம், நிலையத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். குணாவிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொள்கிறானாம். இருவருக்கும் ஒரே மாதிரி சிவப்புச் சட்டை, தடித்த பஞ்சுச் சட்டை. மார்பில் பெயரும், அதன் கீழே ரத்த குரூப்பும் வெள்ளை நூலில் தைத்திருந்தது. இருவருக்கும் ஏ பாசிட்டிவ்.

சாந்தி அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். நான்தான் ஆணி அடித்துக் கொடுத்தேன். அந்த எழுத்தைப் பார்த்தேன்... பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

இந்திராநகர்ப் பக்கம் நாகராஜ் சார் என்று ஒருவர் இருந்தார். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கன்னடக்காரர். மொட்டைமாடியில் பெரிய கம்பி நட்டு, வீட்டு ரேடியோ வழியாக உலகத்தோடு பேசுகிறவர். துருவத்தில் இருந்த ரேடியோக்காரரோடு அவருக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசவைப்பார். "வெளியாளு பேசக்கூடாதுன்னு ரூல் இருக்கு. ஆதரே... ஆனா, குடும்பம்தானே... பரவால்ல" என்பார். ஸ்விச்சை அழுத்திப் பேச வேண்டும், ஓவர் என்று சொல்லிவிட்டு ஸ்விச்சை விட வேண்டும். சாந்தி வெட்கப்பட்டுக்கொண்டே பேசுவாள். "ஓவர் ஹேளம்மா, ஓவர்!" என்று அவர் ஞாபகப்படுத்துவார்.

ஜூனில் ஒரு ஞாயிறு. குணா-சாந்தியின் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. சாந்தி வரவில்லை, நான் மட்டும் போனேன். அங்கே சூரியன் உதிப்பதே நின்று போயிருந்த காலம் அது. நாகராஜ் சார் தொடர்பைப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போனார்.

இரைச்சலுக்கு நடுவில் குணாவின் குரல்.

"மச்சான், தனியாவா இருக்க? ஓவர்."

"ஆமாண்டா. பாப்பாவுக்கு அம்மை. சாந்தி வர்ல. ஓவர்."



"சட்டையில ஏ பாசிட்டிவ்னு தச்சிருக்காங்க மச்சான். அது உன்னுது. என்னுது பி. கல்யாணத்துக்கு முன்ன பழைய கம்பெனில ஒருத்தனுக்கு ரத்தம் குடுத்தேன், அப்பவே சொன்னாங்க. நேத்து டாக்டர் எங்க எல்லாரையும் உக்கார வெச்சாரு. இங்க பிளட் பேங்க் கிடையாது, நீங்கதான் ஒருத்தருக்கொருத்தர் பிளட் பேங்க்குன்னாரு. லிஸ்டு படிச்சாரு. ஏ பாசிட்டிவ் மூணு பேரு. ஹரீஷு, இன்னொரு சயின்டிஸ்டு, அப்புறம் நானு. மாத்தி ஏத்துனா ஆளு செத்துடுவான்டா. டாக்டர்கிட்ட சொல்லிடட்டுமா? நல்ல மனுசன். திட்டுவாரு, ஆனா மாத்தி எழுதிக்குவாரு. ஓவர்."

ஸ்விச் என் கையில் இருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சொல்லுடா என்றுதானே! ஒரே சொல். ஒரு குழந்தைகூடச் சொல்லும்!

என் மண்டைக்குள் என்ன ஓடியது தெரியுமா? அந்த மாதம்தான் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கக் காகிதம் மேலே போயிருந்தது. ஏன் குரூப் மாறியது என்று டாக்டர் கேட்பார். அங்கிருந்து தந்தி வரும். யார் ரத்தம் என்று தோண்டுவார்கள். பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் கையெழுத்தை எடுப்பார்கள். போலீஸ்... வேலை... சந்தில் தலை காட்டுவது எப்படி...? பனிக்கு நடுவில் இருபத்தைந்து பேர் ஒருவரையொருவர் நம்பிக் கிடப்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் காகிதம் மட்டும்தான் தோன்றியது.

"வேணாண்டா" என்றேன். "இப்ப சொன்னா உன் வேலையும் போவும், என் வேலையும் போவும். இன்னும் கொஞ்ச மாசந்தானே? யாருக்கும் ஒண்ணும் ஆவாது. சமாளி மச்சான். ஓவர்."

இரைச்சல். நான் எதிரே சுவரில் இருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் அந்த வெள்ளைப் பட்டை.

"சரி மச்சான். நீ சொன்னா சரிதான். ஓவர்."

நாகராஜ் சார் காபியோடு வந்தார். தம்ளரை வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். காதில் விழுந்ததா? சமையலறை அவ்வளவு தூரத்தில் இல்லையே... நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் அந்த அறையைவிட்டு வெளியே போகவில்லை.

அன்று தொடங்கிய பயத்தை எப்படி விளக்குவேன்? தொழிற்சாலையில் யாராவது விரலை வெட்டிக்கொண்டால் நான் வேலையைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவேன். அங்கே இந்நேரம் யாருக்காவது அடிபட்டிருக்குமோ? யாராவது குணாவின் மார்பைப் பார்த்து, 'இதோ ஏ பாசிட்டிவ்' என்று கூப்பிட்டிருப்பார்களோ? சாந்தி வீட்டுக்குப் போனால் போட்டோவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். பக்கத்தில் சாந்தி இருப்பாள், நாகராஜ் சார் இருப்பார். "எல்லாம் நல்லபடியா போவுதா? ஓவர்" என்பேன். "போவுது மச்சான். ஓவர்" என்பான்.

ஆகஸ்டில் மூன்று ஞாயிறு தொடர்பு கிடைக்கவில்லை.

நான்காவது ஞாயிறு நாகராஜ் சார் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். "அல்லி... அங்கே ஒரு சாவாயித்தம்மா. உங்க வீட்டுக்காரர் இல்ல, பயப்படாதே. டிராக்டர் ஓட்டற பையன்" என்றார். சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அவர் இல்லை என்று கேட்ட நிம்மதியில் அழுதாள்.

நான் அழவில்லை. டிராக்டர் ஓட்டுகிற பையன் என்றால் ஹரீஷ்தான்.

அன்று குணா பேசினான். "நான் நல்லாருக்கேன். ஓவர்." அதற்கு மேல் சாந்தி எத்தனை கேட்டும் அதையேதான் சொன்னான்.

நடந்தது என்ன என்பது மறு வருடம் அவன் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோவாவிலிருந்து தனியாகப் பஸ் பிடித்து, ஒரு காலைப்பொழுதில் கலாசிபாளையத்தில் இறங்கினான். பாதி ஆளாகியிருந்தான். அன்று மாலை அல்சூர் ஏரிக் கரையில் என்னை உட்காரவைத்துச் சொன்னான். ஒரே ஒரு தடவை.

டிராக்டருக்கும் அது இழுக்கும் ஸ்லெட்ஜ் வண்டிக்கும் நடுவில் ஹரீஷ் நசுங்கிவிட்டான். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. டாக்டர் பட்டியலைப் பார்த்தார். ஏ பாசிட்டிவ் சயின்டிஸ்ட் அப்போதுதான் காமாலையிலிருந்து எழுந்திருந்தார், அவர் ரத்தம் ஆகாது. மிச்சம் குணா. ஓடிவந்து கூப்பிட்டார்கள்.

ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சொட்டு எடுத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்களாம். அந்த ஒரு சொட்டிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் குணா விரலைக்கூட நீட்டவில்லை.

மாட்டேன் என்றான். பயமாக இருக்கிறது என்றான். ரசம் கற்றுக்கொண்டவன், தோளில் கை போட்டவன், பக்கத்து அறையில் முனகிக்கொண்டு கிடக்கிறான்... இவன் மாட்டேன் என்கிறான்! கெஞ்சினார்கள். திட்டினார்கள். நான்கு பேர் பிடித்து பெஞ்சில் அழுத்தினார்கள். இவன் உதைத்தான், கடித்தான். முக்கால் மணி நேரம் அதில் போனது. கடைசியில் டாக்டர் விடச்சொல்லிவிட்டு, அவசரத்துக்கு யாருக்கும் ஆகும் ஓ குரூப் ஆட்களிடம் எடுத்து ஏற்றினார். ஹரீஷ் மறுநாள் மதியம் இறந்தான்.

"அப்பவாவது சொல்லியிருக்கலாமேடா!" என்று நான் கத்தினேன். கேட்டீர்களா? நான் கத்தினேன்!

குணா ஏரித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னா, இத்தினி நாளு ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. உன் பேரு வரும். நீதான சமாளின்ன? சமாளிச்சேன் மச்சான்."

அவன் குரலில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்வதுபோலத்தான் சொன்னான்.

ஹரீஷின் உடல் கப்பல் வரும் வரை அங்கேயே ஒரு இரும்புப் பெட்டி அறையில் இருந்ததாம். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போகிற வழியில். தினமும் மூன்று தடவை குணா அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மிச்ச மாதங்கள் முழுக்க ஒருவரும் அவனோடு பேசவில்லை. மேஜையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எல்லோருக்கும் வெளிச்சமும் சூடும் கொடுத்த ஜெனரேட்டர்களை அவன்தான் ஓடவைத்துக்கொண்டிருந்தான்.

அந்த முக்கால் மணி நேரம் கிடைத்திருந்தால் ஹரீஷ் பிழைத்திருப்பானா? எனக்குத் தெரியாது. உள்ளே கிழிந்திருந்த கிழிசலுக்கு எத்தனை ரத்தம் ஏற்றியும் பயனில்லை என்று அந்த டாக்டரே பிறகு சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டு தொங்க எத்தனையோ தடவை முயன்றுவிட்டேன். ஆனால் ஜூனிலேயே பட்டியல் திருத்தப்பட்டிருந்தால் டாக்டர் நேராக ஓ குரூப்பைத்தானே கூப்பிட்டிருப்பார்? இந்தக் கேள்வி வந்ததும் கை நழுவிவிடுகிறது.

நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த ஆள் நம்பத் தகாதவர் என்று. குணா நிரந்தரமாகவில்லை, டெம்பரவரி வேலையும் போனது. ஆட்டோ ஓட்டப் போனான். நான் சூப்பர்வைசர் ஆனேன்.

கேண்டீன் பேச்சுக்குக் கால் முளைக்க எத்தனை நாள் ஆகும்? மர்பி டவுனுக்கும் வந்துவிட்டது. சாந்தி அவனிடம் நேராகவே கேட்டாள். ஆமாம், பயமாக இருந்தது, கொடுக்கவில்லை என்றான். அவள் என்னிடம் ஓடிவந்தாள்.

"உசுருக்குப் போராடுறவனுக்கு ரத்தம் குடுக்க மாட்டேன்ன மனுசன்கூட நான் எப்பிடிண்ணா வாழறது? அதுவும் தோள்ல கை போட்டு நின்ன சிநேகிதன்!"

நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். போனது போகட்டும், மனிதன்தானே, பயம் இருக்காதா என்றேன். எத்தனை பெருந்தன்மையான அண்ணன்!

அவள் அவனை விட்டுப் போகவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். ஆனால் அதன் பிறகு அவன் முகத்தைப் பார்த்து அவள் பேசி நான் பார்த்ததில்லை. போட்டோவைக் கழற்றிவிடலாம் என்றாள். மகள்தான் பிடிவாதம் பிடித்து மாட்டிவைத்தாள்.

பத்து வருடம் இப்படியே ஓடியது. இனி அந்த மூன்றாவது தவறு.

சர்க்கரை குணாவின் காலுக்கு இறங்கியது. ஆட்டோவின் பெடலில் இடித்த சின்னக் காயம், முழங்கால் வரை கறுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். ரத்தம் தேவை என்றார்கள். குரூப் என்ன என்று கேட்டபோது, சாந்தி போட்டோவை நினைத்துக்கொண்டு, ஏ பாசிட்டிவ் என்று சொல்லியிருக்கிறாள்.

மதியம் நர்ஸ் காகிதத்தோடு வந்தார். "நீங்க ஏ பாசிட்டிவ்னு சொன்னீங்க. டெஸ்ட்ல பி பாசிட்டிவ் வந்திருக்கு."

"இல்ல சிஸ்டர், சட்டையிலயே ஏ பாசிட்டிவ்னு தச்சிருந்தாங்க. வீட்ல போட்டோ இருக்கு."

"போட்டோ பாத்தா ரத்தம் ஏத்துவோம்? பி பாசிட்டிவ் ஆளுங்க இருந்தா கூட்டிட்டு வாங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன குரூப் சார்?"

"ஏ பாசிட்டிவ்" என்றேன்.

பழக்கத்தில் வந்துவிட்டது. சூப்பர்வைசர் ஆன பிறகு எத்தனை ரத்ததான முகாமில் முதல் ஆளாகப் படுத்திருக்கிறேன்! நர்ஸ் போய்விட்டார். சாந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் குணா விழித்துத்தான் கிடந்தான்.

"உனக்கு ஏ குரூப்பாண்ணா?"

"ஊர்ல பாதிப் பேருக்கு ஏ குரூப்தாம்மா. அந்தச் சட்டையில யாரோ தப்பா தச்சிட்டாங்க போல."

அவள் மெல்ல யோசித்தாள். என் தங்கை முட்டாள் இல்லை.

"அப்போ இவரு ரத்தத்த அந்த ஹரீஷுக்கு ஏத்தியிருந்தா?"

"...ஒத்துக்காதும்மா. ஆபத்துதான்."

"செத்திருப்பாரா?"

"செத்தும் போயிருக்கலாம்."

அவள் முகம் மாறியது. பத்து வருடமாக நான் பார்க்காத ஏதோ ஒன்று அதில் எழுந்து வந்தது. கட்டிலின் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்! பிறகு என்னைக் கேட்டாள்.

"அப்போ இது தெரிஞ்சுதான் இவரு குடுக்கலியா? அந்தாளக் காப்பாத்தத்தான் மாட்டேன்னாரா? சொல்லுண்ணா... உன்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் போதும், பத்து வருடம் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். தன் ரத்தம் ஆகாது என்று தெரிந்தேதான் மாட்டேன் என்றவன் அவள் கணவன் என்று தெரிந்திருக்கும். ஆனால் ஆமாம் என்றால் அடுத்த கேள்வி இருக்கிறது. தெரிந்தால் ஏன் முன்பே சொல்லவில்லை? அதற்கும் அடுத்தது... அப்படியானால் அது யாருடைய ரத்தம்?

ஸ்விச் மறுபடி என் கையில் இருந்தது.

"அவனுக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றேன்.

சொல்லிவிட்டு நான் குணாவைப் பார்த்தேன். அவன் மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்க வேண்டும் என்றுகூட உள்ளூர வேண்டிக்கொண்டேன். சத்தியமாக! அவனாவது சொல்லித் தொலைக்கட்டும், எல்லாம் முடியட்டும்...

குணா உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான்.

"ஆமா சாந்தி" என்றான். "எனக்கு எப்பிடித் தெரியும்? பயந்துதான் குடுக்கல."

அவள் முகத்தில் எழுந்தது அப்படியே அணைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் தொழிற்சாலைக்குப் போன் செய்து, பி பாசிட்டிவ் ஆட்கள் ஐந்து பேரை வரவழைத்தேன். நல்ல மனிதர் சார் நீங்கள் என்று நர்ஸ் சொன்னார்.

குணா இருக்கிறான். ஒற்றைக் காலோடு மர்பி டவுனில் அதே வீட்டில்தான் இருக்கிறான். ஞாயிறுதோறும் நான் போகிறேன். "வா மச்சான்" என்பான். சாந்தி எனக்குத் தம்ளரைக் கையில் கொடுப்பாள். அவனுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவாள்.

எங்கோ மலைநாட்டில் ஹரீஷின் தாய் இருக்கக்கூடும். தன் மகனுக்கு ரத்தம் தர மறுத்த மதராஸி ஒருவனை அவள் சபித்துக்கொண்டிருக்கக்கூடும். ஆள் மாறிச் சபிக்கிறாய் தாயே என்று சொல்ல யார் போவார்கள்?

இப்போதாவது சாந்தியிடம் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் போகிறேன். சுவரில் அவர்கள் இருவரும் தோளில் கை போட்டு நிற்கிறார்கள், மார்பில் ஒரே எழுத்தோடு. நான் காபியைக் குடிக்கிறேன், போட்டோவுக்கு முதுகைக் காட்டியபடி. பிறகு, வருகிறேன்மா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.